ஏழாம் புட்டியின் உப்பு

1

இந்தக் கதை ஒரு துணிக்கடையில் என் காதில் விழுந்தது. ஒருவர் சட்டையைத் தூக்கிப் பிடித்து, "இது பச்சையா, சிவப்பா?" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார். அந்த அம்மாள் வேறெங்கோ பார்த்தபடி, "பச்சை. வெச்சிடுங்க" என்றாள். அவருடைய வேலை எனக்குத் தெரியாது. அவரை வேதியியல் ஆசிரியராக்கியது என் குசும்பு.

2

முதல் தொடக்கம்: "நிறங்களே இல்லாத உலகில் ஒரு மனிதன்..." அடித்துவிட்டேன். அவருக்கு நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். பச்சையும் சிவப்பும்தான் குழம்பும். அதற்கு இவ்வளவு ஒப்பாரி வேண்டாம்.

இரண்டாவது பரவாயில்லை: மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கோடு சார். அணுக்களுக்கு நடுவே கோடு போட்டுப் பிணைப்பை விளக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. "உலோகம் அதேதான். அதை யார் பிடிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு பாரு. தண்ணி பிடிச்சிருந்தா ஒரு நிறம். தண்ணியை விலக்கிட்டு வேற ஒண்ணு வந்து பிடிச்சா வேற நிறம்" என்பார். எது என்ன நிறம் என்பது அவருக்கு மனப்பாடம்.

(பள்ளியில் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஆய்வகத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். இதைவிடப் பெரிய காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.)

3

செய்முறைத் தேர்வு: புட்டியில் இருப்பது என்ன உப்பு என்று மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். புட்டிகளை நிரப்பியது அவரேதான். கோபால்ட் உப்பு இளஞ்சிவப்பு, நிக்கல் உப்பு பச்சை. ஜாடிகளின் லேபிள்கள் அமில ஆவியில் எழுத்தழிந்து போனவை. அலமாரியில் இருக்கும் இடத்தை வைத்துத்தான் அவர் அடையாளம் காண்பார். தூசி தட்டிய யாரோ இடத்தை மாற்றிவிட்டார்கள். கோபால்ட் என்று நம்பி ஏழாம் புட்டியில் நிக்கலை நிரப்பினார்.

காலையில் ஒரு மாணவன் அதற்கு "நிக்கல்" என்று விடை எழுதினான். சைபர். இதில் போனால் அவனுக்கு வருஷமே போச்சு. மதியம் அதே புட்டி கடைசி மேசைப் பெண்ணுக்கு வந்தது. அவளும் நிக்கல் என்றாள்.

"கோபால்ட்டும்மா. தப்பு."

"இல்ல சார், நிக்கலுக்குத்தானே இப்படிச் சிவப்பா படியும், பாருங்க. உப்பே பச்சைதானே சார்?"

சோதனைக் குழாயை நீட்டினாள். அவர் பார்த்தார். (இங்கே 'சேறுபோல இருந்தது' என்று எழுதி அடித்திருக்கிறேன். சேறு அவருக்கு எப்படித் தெரியுமோ.) இரண்டு பேர் ஒரே தப்பைச் செய்ய மாட்டார்கள். தப்பு புட்டியில்தான்.

4

அவளுடைய மதிப்பெண்ணை அங்கேயே திருத்திவிட்டார். சிக்கல், காலையில் வந்துபோனவன். அவன் தாள் தலைமையாசிரியையிடம் போய்விட்டது. காரணம் சொல்லாமல் தொட முடியாது.

முடிவு அ: "லேபிள் அழிஞ்சிருந்தது மேடம்." பொய்யில்லை. பையன் பாஸ். அடுத்த வருஷமும் இவரே புட்டி நிரப்புவார்.

முடிவு ஆ: உள்ளதைச் சொல்கிறார். பையன் பாஸ். ஆய்வகச் சாவி கைமாறுகிறது.

ஆ-வைக் கண்ணீரும் கம்பலையுமாக எழுதி வைத்திருந்தேன். நடுவில் அந்தப் பெண் புகுந்துவிட்டாள். குழாயைத் திரும்ப வாங்கும்போது, மற்றவர்களுக்குக் கேட்காமல், "சார், உங்களுக்கு இது எப்படித் தெரியுது?" என்றாள்.

மனைவிகூட நிறத்தின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறாள், இப்படிக் கேட்டதில்லை. எழுதும் நானும்தான்.

"அது வந்தும்மா..." என்று ஆரம்பித்தார்.

அதற்கு மேல் என்னால் முடியாது. என் கண்ணுக்குச் சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும் தெரிந்து தொலைக்கிறது. அந்த வாக்கியத்தை எழுதத் தெரிந்தவர் உங்களில் யாராவது இருப்பீர்கள். எழுதிக் கொடுங்கள். தலைமையாசிரியையின் அறைக்குப் போகும்போது அவர் கையில் அது ஒன்றாவது இருக்கட்டும்.