தடம் விழாத தோல்

பி.எஸ்ஸி. விலங்கியல் படித்த பெண்ணுக்குத் திண்டுக்கல்லில் என்ன வேலை கிடைக்கும்? அப்பா சுண்ணாம்புக் குழியில் நின்று காலைப் புண்ணாக்கிக்கொண்ட அதே தோல் பதனிடும் ஷாப்பில், ஆட்டுத்தோலைத் தரம் பிரிக்கும் வேலை.

அந்த வருஷம் முதலாளி பொன்னுத்துரைக்குச் சுறாத்தோல் பைத்தியம் பிடித்தது. சீமையில் கைப்பை தைக்க வாங்குகிறார்களாம். ஈட்டித் துளையோ கயிற்றுத் தடமோ இருந்தால் வேண்டாமாம்.

ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து பாக்கியராஜும் அவர் தம்பி செபஸ்தியானும் உப்புப் போட்ட தோல்களோடு லாரியில் வந்திறங்கினார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இந்தப் புள்ள சுறாவைப் பத்திப் படிச்சிருக்கு. பத்திரமா எப்படிப் பிடிக்கிறதுன்னு சொல்லும், கேட்டுக்கங்கப்பு."

நான் சுறாவைப் பார்த்தது கல்லூரிச் சாடிக்குள் முழ நீளக் குட்டியாகத்தான். ஆனாலும் படித்ததைச் சொன்னேன்.

"உசுரோட கட்டுமரத்துல ஏத்தாதீங்க. வால்ல சுருக்குப் போட்டுச் சாகுறவரைக்கும் பின்னாடியே இழுத்துட்டுப் போங்க. செத்தது மாதிரிக் கெடந்தாலும் வாய்ப்பக்கம் கை போகக் கூடாது. முடியலையா, கயித்தை அறுத்து விட்டுருங்க."

பாக்கியராஜ் சிரித்துவிட்டார். "நாங்க அப்படித்தானம்மா செய்யிறோம். அதுல தடம் விழுதுன்னுதானே ஒங்க மொதலாளி தோலைத் தூக்கி மூஞ்சியில எறியிறாரு."

பார்த்தேன். வால் பக்கம் விரல் அகலத்துக்கு ஒரு கோடு. அவ்வளவுதான்.

"தடத்தோடவே வாங்குங்களேன்" என்றேன் முதலாளியிடம்.

"சுறாவைப் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன். யாவாரத்தைப் பத்தி இல்ல. போ தாயி, போயி வேலையைப் பாரு."

போனேன். நான் வேலையை விட்டால் வீட்டில் உலை ஏறாது.

அடுத்த முறை செபஸ்தியான் மட்டும் வந்தார். தோல்களில் துளை இல்லை, தடம் இல்லை. "அண்ணன் வரலையா?" என்று கேட்டேன்.

"அண்ணனுக்குச் சோத்துக் கை போச்சும்மா. உசுரோட ஏத்தி, தலையில சாக்கைப் போட்டு அமுக்குனாரு. சாக்கோட சேத்துக் கவ்விருச்சு."

"ஏத்தாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேய்யா!"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "சாக்குப் போட்டா கடிக்காதுன்னு நீங்கதான் சொன்னீங்களாம். மொதலாளி ஆளு வந்து சொன்னாரு. படிச்ச புள்ளயே சொல்லிருச்சு, பயப்படாம ஏத்துங்கடான்னு."

நேரே முதலாளியிடம் போனேன். "நான் எப்பச் சொன்னேன் அப்படி?"

"கத்தாத. ஒம் பேரைச் சொன்னாத்தான் நம்புறாங்க. படிச்சதுக்கு ஒரு மதிப்பு வந்திருக்குல்ல?"

வெளியே வந்து, குழியில் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி செபஸ்தியானிடம் சொன்னேன். "நான் சொல்லலை. அது பொய். இனிமே ஏத்தாதீங்க."

"சரிம்மா. தடம் விழுந்த தோலை நீங்க வாங்கிக்குவீங்களா?"

நான் முதலாளி இருந்த பக்கம் பார்த்தேன். அவர் லாரியில் கால் வைத்தவர், திரும்பிக் கேட்டார்.

"இதைவிடத் தடிச்ச சாக்கு இங்க கடைவீதியில எங்கம்மா கெடைக்கும்?"