கால் எட்டும் உயரம்

ஐஸ்பெட்டியை ஒருக்களித்து வாசற்படி தாண்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மனோகரனின் சட்டைப்பையில் செத்தவரின் போன் அடித்தது. பெட்டியைக் கீழே போடவும் முடியாது, போனை எடுக்கவும் முடியாது. குத்துப்பாட்டு முழுசாக ஓடி முடிந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் பெட்டியை விட்டுவிட்டு மனோகரனையே பார்த்தார்கள்.

அக்கா புருஷன் டில்லிபாபு மாமா காலையில் பல் துலக்கப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. புனேயில் இருக்கும் மகன் கோகுல்நாத் சாயங்காலம்தான் சேக்காடு வந்து சேருவான். அதுவரை சொந்தபந்தத்துக்குச் சொல்லும் வேலை மனோகரனுக்கு. அக்கா வசந்தகுமாரிக்கு ஒரே தம்பி, குரலும் பெரிசு. இந்த இரண்டு தகுதிக்காக மாமாவின் போனை அவனிடம் கொடுத்திருந்தார்கள்.

போன் மறுபடி அடித்தது. வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒதுங்கி எடுத்தான்.

"அண்ணாத்தே, யூசுப் பேசறேன், அம்பத்தூர் வண்டிக் கடை. க்ரூஸர் பைக் ரெடி. மேடம் சொன்னாப்ல சீட்ட ஒரு இஞ்ச் எறக்கிட்டேன்."

"எந்த மேடம்?"

எதிர்முனை சிரித்தது. "இன்னா அண்ணாத்தே, நக்கலா? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம உங்ககூட வர்றாங்களே, அவங்கதான். போன வாரம் காலே ஊனாம எட்டு போட்டாங்க, நீங்ககூட கை தட்டினீங்க. ஆமா, கொரல் ஏன் ஒரு மாதிரி கீது? சளியா?"

மனோகரன் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தான். பெட்டிக்கு பிளக் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா அதன்மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள்.

"வண்டி வேணாம்," என்றான். "கேன்சல். சீட்ட பழையபடி ஏத்திடு." வைத்துவிட்டான். செத்தவர் செத்துவிட்டார், அக்காவாவது நிம்மதியாக அழட்டும்.

வண்டி விஷயத்தில் மனோகரன் நிபுணன். ஓட்டுவது என்னவோ கிக்கரை ஒன்பது தடவை உதைத்தால் கிளம்பும் ஒரு பழைய வண்டிதான். ஆனால் போனில் அவன் பார்க்காத வண்டி வீடியோ கிடையாது. மூன்று மாசமாக மாமா அவனைத்தான் குடைந்துகொண்டிருந்தார். க்ரூஸரா, ஸ்போர்ட் டூரரா?

"க்ரூஸர்னா சாய்வு நாற்காலி மாதிரி மாமா," என்று மனோகரன் டீக்கடையில் வகுப்பெடுத்தான். "கால முன்னாடி நீட்டிக்கலாம், சீட்டு தாழக் கீது, நேர் ரோட்ல ராஜா. வளைவுல சாயச் சொன்னா மட்டும் மொறைக்கும். டூரர்னா லேசா குனியணும், சீட்டு ஒசரம். ஆனா நாள் பூரா ஓட்டினாலும் இடுப்பு கேக்காது, மூஞ்சில காத்து அறையாது, மலைல வளைச்சி வளைச்சி ஏறும். உனக்கு இன்னா வேணும், ஊருக்குள்ள சுத்தவா, தூரமா போகவா?"

"ஏலகிரி போணும் மச்சான்."

"அப்ப டூரர். பேச்சே கெடையாது."

இரண்டு வாரம் கழித்து மாமா மறுபடி வந்தார். "மச்சான், நின்னா ரெண்டு காலும் தரையில நல்லா படணும். அதுக்கு எது?"

"மாமா, நீ ஆறடி. லாரி மேல உக்காந்தாகூட உன் காலு தரைலதான் படும்."

அன்று டீக்கடையே சிரித்தது. இன்று அந்தச் சந்தில் நின்று மனோகரன் கணக்குப் போட்டான். யாரோ குள்ளமானவள். வண்டி ஓட்டத் தெரிந்தவள். ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் ஓவர்டைம். அக்கா மாங்காட்டுக்குப் போய்விடுவாள். அவள் அங்கே காமாட்சி காலில் விழுந்துகொண்டிருக்க, இவர் இங்கே கை தட்டியிருக்கிறார்.

அக்காவும் குள்ளம்தான். ஆனால் அவள் வண்டியின் பின்னால் உட்கார்ந்தாலே அலறித் தெருவையே கூட்டுகிறவள். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் இறங்கி, நடந்து தாண்டி, மறுபடி ஏறுகிற ரகம்.

அதற்குப் பிறகு மனோகரன் துக்கம் விசாரிக்கவில்லை, ஆளை விசாரித்தான். வாசலில் நுழைந்த பெண்களை எல்லாம் கதவின் தாழ்ப்பாள் உயரத்தோடு ஒப்பிட்டான். பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் தாழ்ப்பாளைத் தாண்டினாள், நிரபராதி. கம்பெனி கேன்டீனில் சமைக்கும் சரசா தாழ்ப்பாளுக்குக் கீழே. தேவைக்கு மேல் அழுகிறாள் என்றும் பட்டது. டீ கொடுக்கும் சாக்கில் பக்கத்தில் போனான்.

"உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

சரசா மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். "சாவு ஊட்ல கேக்குற கேள்வியாயா இது?"

"இல்ல, எப்படி வந்தீங்கன்னு..."

"ஷேர் ஆட்டோல வந்தேன். ஏன், திரும்ப கொண்டுபோயி வுடப்போறியா?" பக்கத்திலிருந்தவளிடம் திரும்பினாள். "பாவம், மாமன் செத்ததுல புத்தி கலங்கிப்போச்சி."

மனோகரன் டீத்தட்டோடு பின்வாங்கினான். கலங்கியிருந்தால்கூட தேவலை என்றிருந்தது.

சாயங்காலம் கோகுல்நாத் வந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். மேளக்காரர்கள் தோலைக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். பொறந்த ஊட்டுக் கோடி எங்கே என்று யாரோ கேட்டார்கள். ஆவடி மார்க்கெட்டில் அவசரத்துக்கு எடுத்த வாடாமல்லி நிறச் சேலையைத் தாம்பாளத்தில் வைத்து மனோகரன் அக்காவின் முன்னால் போய் நின்றான். அவளுக்குத் தெரிந்திருக்குமோ? அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கையைப் பார்த்தான்.

அக்கா இரண்டு கையையும் விரித்து நீட்டினாள்.

இடது உள்ளங்கையில், விரல்கள் தொடங்கும் இடத்தில், வரிசையாகக் காய்ப்பு. ஒன்று புதுசு, தோல் உரிந்து சிவந்திருந்தது. வலது கை சுத்தம்.

கரண்டி பிடிப்பது வலது கை. துணி பிழிந்தால் இரண்டு கையிலும் வரும். இடது கையில் மட்டும், அந்த இடத்தில் மட்டும் தோலை உரிப்பது எது என்று மனோகரன் டீக்கடையில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறான். கனமான வண்டியின் கிளட்ச். மாங்காட்டுக்குப் போய் வந்தவள் ஒருநாளும் குங்குமப் பொட்டலம் கொண்டுவந்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"வுடுறா," என்றாள் அக்கா. "தட்ட வுடு."

அவன் பிடியை விட்டான். சேலையை எடுத்து அவள் தோளில் போர்த்தக் குனிந்தபோது கிசுகிசுத்தான். "மாங்காட்டுக்குத்தான் போனியா?"

"வேலப்பன்சாவடி. காலேஜுக்குப் பின்னாடி ரோடு காலியா கீது."

"எங்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

"நீ கிளாஸ் எடுப்ப."

அவளைச் சுற்றி ஒப்பாரி ஏறிக்கொண்டிருந்தது. அவள் பெட்டியைப் பார்த்தபடியே பேசினாள். "அவருக்கு அந்த இன்னொரு வண்டி மேலதான் ஆச. ஏறிப் பாத்தேன், எனக்குக் காலு எட்டல. சரி இதையே எடுப்போம், ஏலகிரிக்கு நீ ஓட்டு, நான் பின்னால உக்காந்துக்கறேன்னாரு." சேலையைத் தோளில் இழுத்துவிட்டாள். "பாய் போன் பண்ணாரா?"

"பண்ணாரு."

"இன்னா சொன்னாரு?"

"சீட்ட எறக்கிட்டாராம். ஒரு இஞ்ச்."

அக்கா தலையாட்டினாள். பிறகு கோடிச் சேலையின் முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள்.

மனோகரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சந்துக்கு ஓடினான்.

"பாய், சீட்ட ஏத்திட்டீங்களா?"

"நீங்கதானே ஏத்தச் சொன்னீங்க? ஸ்பேனர் கையிலதான் கீது. இன்னா அண்ணாத்தே, காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு?"

"தொடாதீங்க பாய். அப்படியே வைங்க. நான் அண்ணாத்தே இல்ல, அவரு மச்சான். அவரு... காலைல எறந்துட்டாரு."

ஸ்பேனரைத் தரையில் வைக்கும் சத்தம் எதிர்முனையில் கேட்டது.

இருட்டுவதற்குள் எடுத்துவிட்டார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். அமரர் ஊர்தியின் பின்சீட்டில், மாமாவின் கால்மாட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த மனோகரன் கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தான். அவளுடைய வலது கையைச் சரசா பிடித்திருந்தாள். இடது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

டிரைவர் கியர் போட்டார். அந்தக் கையின் நான்கு விரல்களும் மடங்கி இறுகின. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமில்லாமல் விரிந்தன. வண்டி குலுங்காமல் நகர்ந்தது.