ஏழு மாதமாகக் கீழே நின்றவன்

மூன்றாவது தடவையும் முஷெங் வரவில்லை. அவன் மனைவி ஷுயுன் மட்டும் வந்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து விவாகரத்துப் பத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“ரெண்டு சாட்சி வேணும் டீச்சர். எங்க அக்கா போட்டுட்டா. இன்னொண்ணு நீங்க போடுங்க.”

வருகிறவர்களெல்லாம் ‘டீச்சர்’ என்றழைக்கும் குடும்பநல ஆலோசகர் யாஹுவெய்க்குப் பகீரென்றது. சேர்த்து வைக்க உட்கார்ந்திருப்பவளிடம் பிரித்துவிடக் கையெழுத்துக் கேட்டால் என்ன செய்வாள்?

ஹுவாலியென் நகரத்தைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கிப்போட்டு ஏழு மாதம் ஆகிறது. கட்டடத்துக்கு ஒன்றும் இல்லை என்று இன்ஜினியர்களே சொல்லிவிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து முஷெங் ஆறாவது மாடியில் இருக்கும் தன் வீட்டில் கால் வைக்கவில்லை. வாசலில் நிறுத்திய காரில்தான் படுக்கை. மகள் பின்பின்தான் சாப்பாட்டு டப்பாவைக் கீழே கொண்டுபோய்க் கொடுப்பாள்.

“பேசாம அந்தக் காரையே கட்டிக்கிட்டிருக்கலாம். இன்னைக்கும் அவருதான் கொண்டாந்து விட்டாரு. கீழதான் நிக்கிறாரு. ஏறி வரத்தான் மனசில்ல,” என்றாள் ஷுயுன்.

யாஹுவெய்க்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய அறை இருப்பது ஐந்தாவது மாடியில். மாடி என்றாலே நடுங்குகிற மனிதனை மூன்று முறை இங்கே வரச் சொல்லிவிட்டு, கோப்பில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று வேறு எழுதி வைத்திருந்தாள். பதினாறு வருட அனுபவமாம்! தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றியது.

“கையெழுத்து அப்புறம். வாங்க, கீழ போலாம்.”

முஷெங் காரில் சாய்ந்து நின்றிருந்தான். யாஹுவெய் நடைபாதை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க எதுக்கு டீச்சர் கீழ வந்தீங்க?” என்று பதறினான்.

“உங்கள மேல வரச் சொன்னது என் தப்பு. மன்னிப்புக் கேக்க வந்தேன்.”

அவன் முகம் கோணியது. “நான்தான் கேக்கணும். அன்னைக்கு ஆட ஆரம்பிச்சதும் நான் ஓடிட்டேன் டீச்சர். பொண்டாட்டி புள்ளைய மேல விட்டுட்டு நான் மட்டும் ஓடியாந்துட்டேன். கீழ வந்தப்புறந்தான் அவங்க கூட இல்லன்னே தெரிஞ்சுது. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மேல போறது?”

“எனக்குத் தெரியும்,” என்றாள் ஷுயுன். “நீ ஓடினத நான் பாத்தேன். நீயா வாயத் தொறந்து சொல்லுவேன்னு ஏழு மாசமா காத்துக்கிட்டிருக்கேன், மடையா! பயந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதாதா?”

முஷெங் தெருவென்றும் பாராமல் தேம்பித் தேம்பி அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஏறிப் பாக்கட்டுமா?” என்றான்.

படிக்கட்டில் ஷுயுன் முன்னால், அவன் நடுவில், யாஹுவெய் பின்னால். இரண்டாவது மாடியிலேயே அவன் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. மூன்றாவதில் கைப்பிடிக் கம்பி கிடுகிடுத்தது. அந்த ஊரில் தரை லேசாக ஆடாத வாரம் கிடையாதுதான். அதற்காக இந்த நேரம் பார்த்தா ஆட வேண்டும்! யாஹுவெய் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். ஓடினால் ஓடட்டும்.

அவன் ஓடவில்லை. இரண்டு எட்டில் மேலே தாவி, ஷுயுனைச் சுவரோடு அணைத்து, அவள் தலையைத் தன் கைகளால் மூடிக்கொண்டான். ஆட்டம் நின்ற பிறகும் விடவில்லை.

“போதும், மூச்சு முட்டுது,” என்றாள் அவள்.

ஐந்தாவது மாடியை எட்டியதும் யாஹுவெய் தன் உத்தியோகத்தை மறந்து கைதட்டிவிட்டாள். முஷெங் நாற்காலியில் உட்காரவே இல்லை.

“பின்பின் ஸ்கூல் விட்டு எத்தன மணிக்கு வருவா?”

“நாலு மணிக்கு.”

“அப்ப சீக்கிரம் கெளம்பு. இன்னைக்கு நான்தான் அவளுக்குக் கதவத் தொறந்து விடணும்.”