மே மாதத்தில் பார்த்த கழி

1977 மே மாதம் ஜானகிராமன் நெம்மேலிப் பக்கம் வந்தபோது உப்பங்கழியில் கணுக்கால் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. கழியோரம் ஒரு ரசாயனத் தொழிற்சாலை வரவிருந்தது. அதனால் தண்ணீருக்கும் அதை நம்பிய உயிர்களுக்கும் என்ன கேடு வரும் என்று முன்கூட்டியே அறிக்கை தரவேண்டும். அறிக்கை எழுத அமர்த்தப்பட்டிருந்த சென்னைக் கம்பெனியில் அவன் புதிதாகச் சேர்ந்தவன். விலங்கியல் படித்தவன்.

அவனுக்குக் கழியைச் சுற்றிக் காட்டியவள் எல்லம்மாள். ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்தே இரண்டு பெண்களை வளர்த்தவள்.

“இப்ப வந்து இன்னா சார் பார்க்கப் போற? ஐப்பசி மழ வுட்டதும் வா. எறங்கி நின்னா காலெல்லாம் எறா குத்தும்.”

அவன் நவம்பரில் சொந்த லீவில் வந்தான். மார்பளவு தண்ணீரில் அவள் பின்னாலேயே நான்கு நாள் நடந்தான். பதினோரு வகை மீன், மூன்று வகை இறால், கழியை நம்பிப் பிழைக்கும் அறுபது குடும்பம். எல்லாவற்றையும் பதினாலு பக்கத்தில் எழுதி மேலதிகாரி கோபாலகிருஷ்ணனிடம் கொடுத்தான்.

அவர் படித்துவிட்டு இழுப்பறையில் போட்டார். “ஆய்வுக் காலம் மே மாசம். நவம்பர்ல உன்னை யாருப்பா போகச் சொன்னது? உன் வேலைய நிரந்தரமாக்கறதுக்கு நான்தான் எழுதணும், ஞாபகம் வெச்சுக்கோ.”

அந்தப் பதினாலு பக்கம் போக மிச்சமிருந்த மே மாத அறிக்கையில் ஜானகிராமன் கையெழுத்துப் போட்டான்.

ஜனவரியில் செங்கல்பட்டில் தொழிற்சாலை பற்றி ஊராரின் ஆட்சேபம் கேட்கக் கூட்டம் போட்டார்கள். எல்லம்மாள் ஊர்ப் பெண்களோடு பஸ் ஏறி வந்திருந்தாள். முன்வரிசையில் ஜானகிராமனைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

கூட்டத்தை நடத்திய அதிகாரி அறிக்கையிலிருந்து வாசித்தார்: “வறண்ட உவர்நிலம். குறிப்பிடும்படியான மீன்வளம் இல்லை.”

எல்லம்மாள் எழுந்தாள். “அந்த சாரக் கேளுங்க. என்கூட தண்ணியில எறங்கிப் பார்த்தாரு.”

அதிகாரி அவனைப் பார்த்தார். “என்னப்பா?”

ஜானகிராமன் எழுந்து நின்றான். பக்கத்தில் கோபாலகிருஷ்ணன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“மே மாசம் பார்த்தப்போ தண்ணி இல்லைங்க சார்.”

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எல்லம்மாள் அவனையே பார்த்தபடி உட்கார்ந்தாள். கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

அடுத்த வருஷம் கழியின் பாதியை மண் கொட்டித் தூர்த்தார்கள். தொழிற்சாலைச் சுவர் எழுப்பும் இடத்தில் எல்லம்மாள் சித்தாளாகக் கலவை சுமந்தாள். ஒருநாள் மத்தியானம் ஜானகிராமன் அங்கே வந்தான். கையில் அந்தப் பதினாலு பக்கத்தின் கார்பன் நகல்.

“நான் எல்லாத்தையும் எழுதினேம்மா. பாருங்க, உங்க பேருகூட இருக்கு.”

அவள் தாளை வாங்கவில்லை. “எனக்குப் படிக்கத் தெரியாது சார். படிக்கத் தெரிஞ்சவங்க அன்னிக்கு அவ்ளோ பேரு உக்காந்துகினு இருந்தாங்களே, அங்க எடுத்து நீட்டியிருக்கலாம்.”

மேஸ்திரி கூப்பிட்டான். அவள் சட்டியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போனாள்.

சுவர் முடிந்ததும் சித்தாள்களை நிறுத்திவிட்டார்கள். எல்லம்மாள் பெண்களைக் கூட்டிக்கொண்டு கேளம்பாக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போனாள். ஜானகிராமனுக்கு வேலை நிரந்தரமாயிற்று. அடுத்த அறிக்கைக்காக அவனை வேறொரு கடற்கரைக்கு அனுப்பினார்கள், அதுவும் ஒரு மே மாதத்தில்.