ஒரு சாணுக்கு மேல்

ஒப்பீட்டு அதிகாரி தன் கையால் தூக்கும் தண்ணீர், எடுத்த இடத்திலிருந்து ஒரு சாணுக்கு மேல் ஏறாது. பதினான்கு குடிநீர் நிறுவனங்களின் திறன் பட்டியல் அச்சாகி வந்த மூன்றாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு இது தொடங்கியது. டம்ளரை எடுத்தார். ஒரு சாண் உயரம் வரை கூடவே வந்த தண்ணீர் அங்கே கழன்று மேசையில் கொட்டியது. டம்ளர் மட்டும் காலியாக வாய்க்கு வந்து சேர்ந்தது. காபி என்ன செய்தது என்று கேட்பார்கள். காபியும் தண்ணீர்தானே, அதுவும் கொட்டியது. வேறொருவர் தூக்கி ஊற்றினால் ஒரு தகராறும் இல்லை. மனைவி வாயில் ஊற்றினாள், தலையில் ஊற்றினாள், "பச்சப்புள்ள தோத்துது போங்க" என்றாள். அலுவலகத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரைத் தட்டில் விட்டு வைக்கச் சொல்லி, மேசைமேல் குனிந்து உறிஞ்சினார்.

காரணம் அவருக்குத் தெரியும். நீர்க் கட்டுப்பாட்டு ஆணையத்தில் அவர் வேலை, எந்த நிறுவனம் குறைந்த ஆளையும் குறைந்த மின்சாரத்தையும் வைத்து, கசியவிடாமல், அதிகத் தண்ணீரை வீடுகளில் சேர்க்கிறது என்று ஒப்பிட்டுச் சொல்வது. முதலில் வருகிற நிறுவனம்தான் அளவுகோல். மற்றவை அதைப் பார்த்துத் தங்கள் ஆளையும் மின்சாரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுகிறார்கள் என்பதற்கும் பட்டியலில் ஒரு நெடுவரிசை இருந்தது. நான்கு நிறுவனங்கள் அந்த விவரத்தை அனுப்பவே இல்லை. கட்டங்கள் காலியாகக் கிடந்தால் ஆணையத் தலைவருக்குப் பிடிக்காது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதிகாரி அந்த நெடுவரிசையையே எடுத்துவிட்டார். ஆற்றங்கரை நிறுவனம் முதலிடம் பிடித்தது. அதே ஆற்றுத் தண்ணீரை முந்நூறு மீட்டர் மேலே ஏற்றுகிற மலைநகர நிறுவனம் கடைசி. மின்சாரத்தை வீணடிக்கிறது என்று பக்கத்தில் குறிப்பு வேறு. "முத்து முத்தா இருக்குய்யா" என்றார் தலைவர். அன்று சாயங்காலமே அதிகாரிக்கு உறைத்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. பாவி மனுஷன், அன்றே திறந்திருந்தால் ஒரு தாளை மாற்றியதோடு போயிருக்கும்.

மின்சாரத்தைக் குறைக்க, மலைநகரத்தில் மூன்று பம்புகளில் இரண்டை நிறுத்தினார்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்ட பம்ப் ஓட்டுநர்களில் ஒருவர் அதிகாரியின் தங்கை கணவர். வீட்டுக் குழாய்கள் வறண்டன. இருநூற்றுப் பன்னிரண்டு படிகளுக்குக் கீழே ஒரு பொதுக் குழாயில் மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தது. தங்கை போன் செய்வாள். அண்ணியை விசாரிப்பாள், உடம்பை விசாரிப்பாள், தண்ணீரைப் பற்றி மூச்சு விடமாட்டாள். அது அவருக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. மூன்று வருடம் போயிற்று. பட்டியல் மேலும் இரண்டு முறை வந்தது, உயரம் அதில் வரவில்லை.

நான்காம் வருடப் பட்டியலுக்காக ஆணையம் நடத்திய விசாரணையில் மலைநகர நிறுவனத்தின் மேலாளர், அதிகாரிக்குத் தொண்டை கட்டுவதைப் பார்த்து, தன் டம்ளரை மரியாதையாக அவர் பக்கம் நகர்த்தினார். யாரைக் கடைசியில் தள்ளினாரோ அவர் கொடுத்த தண்ணீர். அத்தனை பேர் முன்னால் குனிந்து உறிஞ்ச முடியவில்லை. எழுந்து நின்று, "தப்பு அவங்களோடது இல்ல, என்னோடது" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தலைவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்புகளை ஓட்டும் உத்தரவு ஒவ்வொரு மேசையாக ஏறி வர எட்டு மாதமாகும் என்றார்கள்.

சொல்லிவிட்டோம், இனி தண்ணீர் ஏறும் என்று நம்பி, சோதித்துக்கூடப் பார்க்காமல், மறுநாள் தங்கை ஊருக்குப் பஸ் ஏறினார். அவள் பொதுக் குழாயடியில் ஒன்றரை மணி நேரம் நின்று பிடித்த இரண்டு குடங்களோடு இருந்தாள். "விடும்மா, நான் தூக்கறேன்" என்று பாய்ந்து ஒன்றைத் தூக்கினார். ஒரு சாண் ஏறியதும் குடத்துத் தண்ணீர் மொத்தமும் அவர் காலில் கொட்டியது. குழாயும் அதோடு நின்றுவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் ஈர மண்ணைப் பார்த்தார்கள். மிச்சமிருந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் ஏறினாள். வெறுங்குடத்தோடு அவர் பின்னால் ஏறினார்.

பாதி வழியில், "பட்டியல்ல உயரத்தை எடுத்தது நான்தான்மா" என்றார்.

"தெரியும்ணா. அது வந்த அன்னைக்கே எங்க வீட்டுக்காரர் பாத்துட்டாரு. உங்கண்ணன் நம்ம ஊரைத் தரையில இறக்கி வெச்சுட்டாருன்னாரு."

"அப்புறம் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா எதையாவது சொல்லி மழுப்புவ. நீ பொய் சொல்லி நான் கேக்கணுமா?"

அவர் கூனிக் குறுகிப் போனார். அவள் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள், பிறகு ஏறினாள்.

வீட்டில் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தண்ணீர் கேட்க மனம் வரவில்லை. அவள் அந்தக் குடத்திலிருந்தே ஒரு செம்பு மொண்டாள். அண்ணன் தூக்கினால் ஏறாத விஷயம் அண்ணி சொல்லி அவளுக்கு எப்போதோ தெரியும். அவர் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, "இதையும் கொட்டணுமா? வாயைத் திற" என்றாள்.

அவள் தூக்கினாள், தண்ணீர் ஏறியது. அவர் குடித்தார்.

"போதுமா?"

போதவில்லை. "போதும்மா" என்றார்.

"இந்தப் பொய்யையாவது விடேன்ணா" என்று அவள் இன்னொரு செம்பு மொண்டாள்.