பெரியண்ணன் கையில் வீட்டு பிளான்

இப்பல்லாம் செத்தவனைக்கூட ஜனங்கள் சும்மா விடுவதில்லை. லாரி வைத்திருந்தவன் செத்தால் படத்தில் அவனுக்குப் பின்னால் லாரியை எழுதுகிறார்கள். கடைக்காரன் செத்தால் கல்லாவோடு எழுதுகிறார்கள். ஒரு போட்டோவைப் பெரிதாக்கி மாலை போட்டுக் கும்பிட்டால் ஆகாதா? கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, படம் எழுதும் பாண்டிராஜின் கடைக்கு நடக்கும்போது காசிராஜன் இதைத்தான் முனகிக்கொண்டே போனார்.

எல்லாம் சென்னையில் இருக்கும் மகன் செய்த வேலை. "பெரியப்பா ஆசைப்பட்ட வீடு. அவிய கையில வீட்டு பிளான் இருக்குத மாதிரி எழுதச் சொல்லுங்க. திதிக்குள்ள ஹால்ல மாட்டிருவோம்" என்று போனில் சொல்லிவிட்டான்.

பெரியண்ணன் சாமித்துரை அஸ்திவாரம் தோண்டும்போதே மாரடைப்பில் போய்விட்டார். இடைசெவலில் அந்த வீட்டைக் கட்டி முடித்தது காசிராஜன்தான். அவர் மாற்றி வரையச் சொன்ன பிளான் கொத்தனார் கையில் மழையில் நனைந்து கூழாகிவிட்டது. டிரங்குப் பெட்டியில் மிஞ்சியது அண்ணன் போட்ட முதல் பிளான் ஒன்றுதான். அதை வெளியே காட்ட அவருக்கு இஷ்டமில்லை. எரிக்கவும் கை வந்ததில்லை. ரப்பர் பேண்டு போட்டது போட்டபடி பாண்டிராஜிடம் கொடுத்து, "சுருட்டுனபடியே அவிய கையில குடு, போதும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கடைக்குள் நுழைந்ததும் படம் எதிரே நின்றது. அண்ணன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் பேனா, இடது புருவத்துத் தழும்பு எல்லாம் அப்படியே. மேஜை நிறைய பிளான் விரிந்து கிடந்தது.

காசிராஜன் குடையைச் சுவரில் சாத்திவிட்டுப் படத்துக்கிட்டே போனார். "ஏலே, சுருட்டி வையின்னுதான சொன்னேன்?"

"சுருட்டி வச்சா காலண்டர் விக்க வந்தவர் மாதிரி இருந்துச்சு அண்ணாச்சி. இப்பப் பாருங்க, வீட்டுக்காரக் களை வந்துட்டுல்லா?"

பிளானின் வடக்கு ஓரத்தில், தெருவுக்குத் தனி வாசல் வைத்து ஓர் அறை. அதற்குள் அண்ணன் நீல மையில் தன் கையால் எழுதிய 'சொர்ணத்துக்கு'. சாய்ந்த அந்தக் கையெழுத்தைக்கூடப் பாண்டிராஜ் விடவில்லை.

சொர்ணத்தாய் அவர்கள் இருவருக்கும் தங்கை. புருஷனை இழந்தவள். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். பால்காய்ப்பு அன்று வந்தவள் புதுவீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெரியண்ணே எனக்கு ஒரு ரூம் போடுதேன்னாவளே?" என்று கேட்டாள்.

"பிளான்ல அப்படி ஒண்ணும் இல்லையேட்டி" என்றார் காசிராஜன். அந்த இடத்தில்தான் பருத்தி மூட்டை அடுக்க அவர் செட் போட்டிருந்தார்.

அவள் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாள். பெரியண்ணன் திதிக்குக்கூட அதன்பிறகு வந்ததில்லை. அண்ணன் தன்னை மறந்துவிட்டார் என்று அவள் நம்பியது காசிராஜனுக்கு வசதியாகத்தான் இருந்தது. சோற்றில் கை வைக்கும்போது மட்டும் சில நாள் உறுத்தும்.

"அந்த ரூமை அழி" என்றார்.

"அழிச்சா பிளான் மொட்டையாயிரும் அண்ணாச்சி."

"கோடுதானலே? அது மேல ஒரு சொம்பை எழுது. மூக்குக்கண்ணாடிய எழுது. இல்ல, அவிய கையத் தூக்கி அங்கன வையி."

பாண்டிராஜ் தலையைச் சொறிந்தான். "முகம் சரியா இருக்கான்னு பாக்க உங்க மகன் ஒரு அம்மாவ நேத்து அனுப்பியிருந்தாரு. உங்க தங்கச்சின்னாவ. அவிய முகத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல. அந்த எழுத்த மட்டும் நல்லா அழுத்தி எழுதச் சொன்னாவ. இன்னைக்கும் வாரேன்னுருக்காவ."

காசிராஜன் சட்டென்று குடையை எடுத்தார். அதற்குள் வாசலில் தூக்குச்சட்டியோடு சொர்ணத்தாய் நின்றாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். விரல்களில் பசை வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"சின்னண்ணே, எப்ப வந்திய?"

"இப்பத்தான். இந்த பிளான் எனக்கு அப்பக் கிடைக்கலட்டி. பெறவுதான் பெட்டிக்குள்ள..."

"பொய் சொல்லாதிய. இந்த வயசுல நல்லாவா இருக்கு?"

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். படத்துக்கிட்டே போய், ஈரம் காயாத அந்த எழுத்தின் மேல் படாமல் விரலை ஓட்டினாள்.

"எனக்கு ரூம் வேண்டாம்ண்ணே. பெரியண்ணே என்னைய நினைச்சாவளா, மறந்தாவளான்னுதான் மனசு கிடந்து அடிச்சிச்சு. இப்ப ஆறிட்டு. திதிக்கு வாரேன். வடைக்கு உளுந்து ஆட்டிக் கொண்டாரட்டா?"

திட்டினாள், மண்ணை வாரித் தூற்றினாள் என்றால் பதிலுக்குத் திட்டலாம். உளுந்துக்கு என்ன பதில் சொல்வது?

"கொண்டா" என்றார்.

"அண்ணாச்சி, அழிக்கவா, வேண்டாமா?" என்று பாண்டிராஜ் பின்னாலிருந்து கேட்டான். காசிராஜன் திரும்பாமல் தெருவில் இறங்கினார்.

ரூம் வேண்டாமாம். வாடகை வீட்டில் கிடக்கிறவள் ரூம் வேண்டாம் என்றால் எவன் நம்புவான்? திதியன்று ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டு படத்தைக் காட்டிக் கேட்பாள். கேட்டால்கூடத் தேவலை. ஒன்றும் கேட்காமல், அந்த ஹாலிலேயே எல்லார் இலைக்கும் வடை வைத்துக்கொண்டு போனால்?

செட்டில் கிடக்கும் மூட்டைகளை வேறு எங்கேயாவது மாற்றி அவளை அங்கே குடிவைக்கலாம்தான். மாற்றினாலும் வரமாட்டாள். வந்தாலும் வராவிட்டாலும் அவள் சொன்னதை அவரால் நம்ப முடியவில்லை. குடையை விரிக்க மறந்து, உச்சி வெயிலில் இடைசெவல் பஸ்ஸைத் தேடி நடந்தார்.