முங்காத கட்டை

கட்டையில் பாதிதான் பாத்திரத்துக்குள் போயிருந்தது. மீதிப் பாதி அடுப்புக்கு மேலே கை நீட்டிக்கொண்டு நின்றது. அவர் இடுக்கியால் பிடித்து அதைத் தலைகீழாகத் திருப்பினார். வெந்நீர் சமையல் மேடையில் வழிந்தது. நீர் கடுங்காபி நிறத்தில் இருந்தது. காலையிலிருந்து இது மூன்றாவது தண்ணீர்.

மனைவி பதினொரு மணிக்கு வந்துவிடுவாள். வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி கிளம்பிவிட்டதாக அவளுடைய தங்கை ஏழு மணிக்குச் சொன்னாள். அவள் உயிர் போனது விடியற்காலை நாலரைக்கு. அந்தச் செய்தி வந்த போனுக்கும் அவர் "சரிம்மா" என்றுதான் சொல்லியிருந்தார். லிஃப்ட் நின்றுவிட்டது என்று யார் கூப்பிட்டாலும் அப்படித்தான் சொல்வார். முப்பது வருஷ மெக்கானிக் வேலையில் வந்த பழக்கம்.

கட்டையைக் கண்டெடுத்தது அவள். வற்றிய ஏரிக்கரையில் ஒதுங்கிக் கிடந்ததைத் தூக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அதற்கும் டிக்கெட் கேட்பார்களோ என்று அவர்தான் கூனிக் குறுகினார். கூடத்து மீன்தொட்டியில் அவள் கறுப்பி என்று கூப்பிடும் மீனுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லையாம். மறுவாரமே படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுகூடப் பேச்செல்லாம் கட்டையைப் பற்றித்தான்.

"பட்டையைச் சுரண்டிட்டு பிரஷ் போட்டுத் தேயுங்க. சோப்பு மட்டும் வேண்டாம், மரம் குடிச்சுக்கும், அப்புறம் மீன் செத்துப்போகும். வேக வச்சு, தினம் தண்ணி மாத்தி ஊற வைங்க. தானா முங்கின பிறகுதான் தொட்டிக்குள்ள போடணும்."

அவர் வாளியில் தண்ணீர் பிடித்து அதைப் போட்டார். அதோடு சரி. முதல் மாலை போனில், "தண்ணி மாத்தினீங்களா?" என்று கேட்டாள். "மாத்தினேன்" என்றார். முதல் பொய்க்குத்தான் நாக்கு கொஞ்சம் தயங்கியது. போனில் ஆறாம் நாளே கட்டை முங்கிவிட்டது. எட்டாம் நாள் தொட்டிக்குள் போனது. பிறகு கறுப்பி அதன் அடியிலேயே குடித்தனம் நடத்தியது, மற்ற மீன்களை அண்டவிடவில்லை. அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக வேலைக்கு நடுவில் யோசித்து, தினம் ஒன்று தயார் செய்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமை நேரில் போனபோதும் கூசாமல் அதையே சொன்னார். வாளியில் கட்டை பாசி பிடித்து மிதந்தது.

நேற்று மாலை திடீரென்று வெட்கமாகிவிட்டது. வாளியைக் கவிழ்த்துவிட்டு, கத்தியோடு உட்கார்ந்து பட்டையைச் சுரண்டினார். கையெல்லாம் வழவழப்பு. காலையில் ஒரே ஒரு நிஜத்தோடு கூப்பிடலாம் என்று போனைத் தொடவில்லை.

இப்போது தங்கை கூடவே வருகிறாள். இருபது நாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, அவர் சொன்னதை எல்லாம் ஸ்பீக்கரில் கேட்டவள். கூடத்தில் கால் வைத்ததும் தொட்டிதான் கண்ணில் படும். சாகக் கிடந்தவளை ஏமாற்றினாயே என்று அந்தப் பெண் ஒரு பார்வை பார்த்தால் போதும். அவருக்கு அழுகை வரவில்லை, இந்தப் பயம் மட்டும் வந்தது.

கீழ்வீட்டு அம்மா காபி போட்டுக் கொடுக்கலாம் என்று மேலே வந்தார்.

"அண்ணே, அடுப்புல என்ன இது?"

"மீன்தொட்டிக்கு."

"சரி, இருக்கட்டும். எங்க வீட்லயே போட்டு எடுத்துட்டு வரேன்" என்று போய்விட்டார்.

பத்து மணிக்குக் கட்டையை எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டார். மிதந்தது. அடியில் ஒரு டைல்ஸ் துண்டை வைத்து ஸ்க்ரூ முடுக்கினால் முங்கிவிடும். அவர் கைக்கு அது ஐந்து நிமிஷ வேலை. டிரில்லரைக்கூட எடுத்துவிட்டார். ஆனால் இவ்வளவு பச்சையாக உள்ளே போட்டால் இரண்டே நாளில் தொட்டி சாக்கடை ஆகிவிடும். அவளுடைய மீன்கள். டிரில்லரைப் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார்.

வண்டி பத்தே முக்காலுக்கே வந்துவிட்டது. நாலு பேர் தூக்கி வந்து கூடத்தில் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரியில் யாரோ அவளுக்கு வகிட்டைத் தப்பான பக்கம் எடுத்து வாரியிருந்தார்கள். அவருக்கு அது மட்டும்தான் தெரிந்தது. அதைச் சரிசெய்யலாமா கூடாதா என்று புரியாமல், அடுப்பை அணைக்கச் சமையலறைக்குப் போனார். தங்கை பின்னாலேயே வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் வேகலையா, மாமா?"

"நான் சொன்னதெல்லாம் பொய்ம்மா."

"தெரியும்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆறாம் நாளே முங்கிடுச்சுன்னீங்களே, அன்னிக்கே அக்கா சொல்லிட்டா. முங்க ஒரு மாசமாவது ஆகுமாம். 'உன் மாமா லிஃப்ட்ல வச்சு இறக்கிட்டாரு போல'ன்னா."

"கோவப்பட்டாளா?"

"எங்க? அஞ்சு மணிக்கே என்கிட்ட பந்தயம் கட்ட ஆரம்பிச்சிடுவா, இன்னிக்கு என்ன சொல்லுவீங்கன்னு. பாதி நாள் அவதான் ஜெயிச்சா."

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"நேத்து?"

அவள் எட்டி அடுப்பை அணைத்தாள்.

"நேத்து, கறுப்பி குட்டி போட்டிருக்குன்னு சொல்லுவீங்களாம். போனை நெஞ்சு மேலயே வச்சிருந்தா. எட்டு மணிக்கு அப்புறம் நான்தான் எடுத்து வச்சேன்."

கூடத்தில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் பாத்திரத்தைச் சாய்த்துப் பழுப்பு நீரைக் கொட்டினார். அதை சிங்க்கில் வைத்துக் குழாயைத் திறந்தார். தண்ணீர் ஏற ஏறக் கட்டை அசைந்து மேலே வந்தது. அவர் அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.